ஹெரோயினைக் கைவிட்ட பின்னர் மூளை: சப்ரகமுவத் தோட்டங்கள் அறிய வேண்டியவை

போதைப்பொருளைக் கைவிட்டு வீடு திரும்பும் இளைஞனைப் பற்றி அவனது குடும்பத்தார் கூறும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. "தூளை விட்டு இரண்டு மாதமாகின்றது. ஆனாலும் பழைய பிள்ளையாக இல்லையே. சொன்னது மனதில் நிற்பதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகின்றான். வேலைக்குப் போனால் நான்கு நாட்களில் நின்றுவிடுகின்றான்" என்பதே அது. இதற்கு ஊர் தரும் விளக்கம் சோம்பல், மனவுறுதியின்மை, கூடாத சகவாசம் என்பதாக அமைகின்றது. மருத்துவ விஞ்ஞானம் தரும் விளக்கமோ வேறு. ஹெரோயின் உடலை விட்டு நீங்குவதற்குச் சில நாட்கள் போதுமானவை. ஆனால் அது மூளையில் ஏற்படுத்திய மாற்றங்கள் நீங்குவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூடத் தேவைப்படுகின்றன. இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே பெரும்பாலானோர் மீண்டும் வீழ்கின்றனர். சிலர் உயிரையும் இழக்கின்றனர்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத்தில் இவ்விடயம் தனிக் கவனத்துக்குரியது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட தொடக்கம் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை வரை இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்கள், நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் உள்ளோரைப்போல் செறிந்து வாழ்பவர்கள் அல்லர். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிய தோட்டங்களில் வாழ்பவர்கள். மாவனெல்லை, ஹெம்மாத்தகம, பலாங்கொடை முதலிய இடங்களில் வாழும் முஸ்லிம் மக்களும் தமிழை வீட்டு மொழியாகக் கொண்டவர்களே. கொழும்பு - கண்டி நெடுஞ்சாலை கேகாலையூடாகவும், அவிசாவளையிலிருந்து பிரியும் பெருவீதி இரத்தினபுரி, பலாங்கொடை ஊடாகவும் செல்கின்றன. தோட்ட வருமானம் போதாத நிலையில் கொழும்பிலும் புறநகர்களிலும் உள்ள கடைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் பிள்ளைகள் செல்வதும் இவ்வீதிகளால்தான். நாட்டின் ஹெரோயின் பாவனை மிகுந்து காணப்படும் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களுடன் சப்ரகமுவ இவ்வாறு அன்றாடம் பிணைக்கப்பட்டுள்ளது.

அபினிலிருந்து ஹெரோயின் வரை

அபின் எமது மக்களுக்குப் புதிய பொருளன்று. நாட்டு வைத்தியரும் யூனானி வைத்தியரும் வலிக்கும் வயிற்றோட்டத்துக்கும் அதனை அளவறிந்து வழங்கி வந்தனர். ஜேர்மனியரான சேர்ட்டுர்னர் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். 1874 இல் லண்டனில் அல்டர் ரைட் என்பார் மோர்பினை இரசாயன மாற்றத்துக்கு உட்படுத்தி ஒரு புதிய பொருளை ஆக்கினார். 1898 இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் அதனையே இருமல் மருந்தாக 'ஹெரோயின்' என்ற பெயரில் சந்தைப்படுத்தியது. அது மோர்பினைவிட விரைவாக மூளையைச் சென்றடைவதாகும். அவ்விரைவே அதன் அபாயமுமாகும். கொடெயின், ட்ரமடோல், பெண்டனில் ஆகிய வலிநிவாரணிகளும் மூளையில் இதே வழியிலேயே தொழிற்படுகின்றன. இவை அனைத்தையும் அபின்வகைப் பொருட்கள் எனலாம்.

இலங்கையில் ஹெரோயின் பரவத் தொடங்கியது 1980களின் ஆரம்பத்திலாகும். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984 இல் திருத்தப்பட்டு, 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை விதிக்க வழிசெய்யப்பட்டது. அதே ஆண்டிலேயே தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் நிறுவப்பட்டது. ஊசி மூலம் ஏற்றிக்கொள்வது இங்கு குறைவு. ஈயத்தாளில் தூளை வைத்து, கீழே சுடர் காட்டி, எழும் புகையை உறிஞ்சுவதே பெருவழக்கு. ஊசி இல்லையென்பதால் ஆபத்தும் இல்லை என எண்ணும் இளைஞர் உளர். புகை நுரையீரலை அடைந்து மூளைக்குச் செல்லச் சில விநாடிகளே ஆகும் என்பதை அவர்கள் அறியார்.

பூட்டும் திறப்பும்

அபின்வகைப் பொருட்கள் மூளையில் இத்துணை வலிமையுடன் தொழிற்படுவதற்கு அவற்றுக்கெனவே அமைந்தனபோன்ற ஏற்பிகள் அங்கு இருப்பதே காரணம். 1973 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கண்டஸ் பேர்ட், சொலமன் ஸ்னைடர் ஆகியோர் இவ்வேற்பிகளை இனங்கண்டனர். இரண்டாண்டுகளின் பின் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் ஆகியோர், மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருட்களைக் கண்டறிந்தனர். அடிபட்டபோது வலியைத் தணிப்பதும், பசித்தவன் உண்ணும்போது நிறைவைத் தருவதும், தாயின் மடியில் குழந்தை அமைதியுறுவதும் இயற்கையான இச்சுரப்புகளின் துணையுடன் நிகழ்பவை. பூட்டும் திறப்பும் மூளையிடம் ஏற்கெனவே உள்ளன. ஹெரோயின் ஒரு கள்ளத் திறப்பு.

நடுமூளையிலுள்ள ஒரு நரம்புக்கல தொகுதி, டொபமின் என்ற இரசாயனத்தை மூளையின் ஊக்க மையத்துக்கு அனுப்புகின்றது. 'இது நன்மை தருவது, இதனை மீண்டும் தேடு' என்று மூளைக்குக் கற்பிக்கும் ஏற்பாடு இதுவாகும். சாதாரண வேளைகளில் இத்தொகுதியை வேறு சில கலங்கள் கடிவாளம்போல் கட்டுப்படுத்தி வைத்திருக்கும். ஹெரோயின் அக்கடிவாளத்தைத் தளர்த்திவிடுகின்றது. உணவோ, உறவோ, திருவிழாவோ, பெருநாளோ தர இயலாத அளவுக்கு டொபமின் பெருகுகின்றது. அந்த இடம், அந்த நண்பன், அந்த ஈயத்தாளின் மினுக்கம் ஆகிய யாவும் அந்நிறைவுடன் சேர்த்து நினைவில் பதிக்கப்படுகின்றன.

மூளை இதனை அமைதியாக ஏற்றுக்கொண்டிருப்பதில்லை. வெளியிலிருந்து வெள்ளமாக வரும் பொருளை ஈடுசெய்வதற்காக ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்துக்கொள்கின்றது. முன்பு ஒரு பொட்டலம் தந்த நிறைவுக்கு இப்போது இரண்டு தேவைப்படுகின்றது. இதுவே தாங்குதிறன் எனப்படுவது. மறுபுறத்தில், விழிப்பையும் பதற்றத்தையும் இயக்கும் நரம்புகள், ஹெரோயினின் அழுத்தத்தை எதிர்த்துத் தம் விசையைக் கூட்டிக்கொள்கின்றன. மிதிவண்டியின் தடையை அழுத்திப் பிடித்தபடியே கடுமையாக மிதிப்பதற்கு இது ஒப்பாகும். தடையைத் திடீரென விட்டால் வண்டி பாய்ந்தோடும். ஹெரோயின் நிற்கும்போது உடலில் நிகழ்வதும் அதுவே.

சிந்தனைக்கு நேர்வது

ஹெரோயின் அறிவை அழித்துவிடுகின்றது என்ற பொதுக்கூற்று முற்றிலும் சரியானதன்று. நீண்டகாலப் பாவனையாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012 இல் வெளியான ஒரு மீளாய்வு, மூன்று ஆற்றல்களிலேயே தெளிவான குறைவைக் கண்டது. சொல்லப்பட்டதை மனதில் ஏந்தி அதனைக் கொண்டு தொழிற்படும் செயல்நினைவு ஒன்று. ஆபத்தையும் நன்மையையும் எடைபோட்டு முடிவெடுத்தல் மற்றொன்று. நிலைமை மாறும்போது சிந்தனையையும் மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு மூன்றாவது. மொழி, பொதுஅறிவு, பழைய நினைவுகள் ஆகியன பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆதலால்தான் அவன் நன்றாகப் பேசுகின்றான், வாக்குறுதியும் அளிக்கின்றான். அதனை நிறைவேற்றுவதிலேயே தவறுகின்றான். குடும்பத்தார் அதனைப் பொய் என்று எண்ணுவதில் வியப்பில்லை.

இறப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலை எடுத்துக்கொள்வோம். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கும் கத்தி, உள்ளிருக்கும் மரத்தைக் காயப்படுத்திவிடக் கூடாது. அதிகாலையில் தொடங்கி நூற்றுக்கணக்கான மரங்களில் அதே நுணுக்கத்தைப் பேண வேண்டும். கையின் பழக்கம் மட்டும் இதற்குப் போதாது; கவனம் கலையாதிருத்தலும் வேண்டும். இரவில் இறுதியாகப் புகைத்தவனுக்குத் தவிப்பு ஆரம்பமாவது ஏறத்தாழப் பெரட்டுக்குச் செல்லும் விடியற்பொழுதிலேயாகும். அவனது மூளையின் பாதி, அடுத்த பொட்டலத்துக்கு வழி தேடுவதில் ஈடுபட்டிருக்கும். மாணிக்கக் குழியில் இறங்குவோருக்கும், வளைவு மிகுந்த மலைவீதியில் முச்சக்கரவண்டி செலுத்துவோருக்கும் கவனத் தவறு உயிராபத்தாகவே முடியலாம்.

முடிவெடுக்கும் ஆற்றலில் நேரும் மாற்றம் இதனிலும் ஆழமானது. இன்றைய சிறு தொகையா, சில நாட்கள் பொறுத்தால் கிடைக்கும் பெருந்தொகையா என்று கேட்டு நடத்தப்பட்ட பரிசோதனை ஒன்றை 1999 இல் கெர்பி, பெட்ரி, பிக்கல் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். காலம் தாழ்த்திக் கிடைக்கும் தொகையின் மதிப்பு ஹெரோயினுக்கு அடிமையானோர் கண்ணில் ஏனையோரைவிட இருமடங்கு விரைவில் தேய்ந்து போனதை அவர்கள் கண்டனர். அவனது கணக்கில் நாளை என்பது மிக மலிவான பொருள். தாயின் நகை அடகுக்குப் போவதும், மாதச் சம்பளம் கைக்கு வந்த அன்றே கரைவதும் இக்கணக்கின் விளைவுகளே. நெற்றிக்குப் பின்னேயுள்ள முன்மூளையே எதிர்காலத்தை எண்ணித் தற்கால ஆசையை அடக்குவது. இப்பகுதியின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கின்றது என்பதால், பதினாறு பதினேழு வயதில் ஹெரோயினைத் தொடுபவன் கட்டி முடிக்கப்படாத வீட்டுக்குத் தீ வைக்கின்றான் எனலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆய்வுகளில் காணப்படும் குறைவு முழுவதும் ஹெரோயினால் விளைந்தது எனக் கொள்ளலாகாது. வறுமை, இளமைக்கால ஊட்டக்குறைவு, இடைநின்ற கல்வி ஆகியனவும் அதே ஆற்றல்களைப் பாதிப்பவை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் தேசிய அளவில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். பாதகமான தொடக்கத்தைப் பெற்ற பிள்ளைகளின் மீதே இந்நஞ்சும் வந்து சேர்கின்றது.

மூளையின் கட்டமைப்பே நேரடியாகச் சிதைவதும் உண்டு. ஹெரோயினைச் சூடாக்கிப் புகையை உறிஞ்சியோரிடம் மூளையின் வெண்பொருள் கடற்பஞ்சுபோல் துளைபடும் ஓர் அரிய நோய் 1982 இல் நெதர்லாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 47 நோயாளர்களைப் பற்றிய அவ்வறிக்கைக்குப் பின் வேறு நாடுகளிலும் அது காணப்பட்டது. நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், பின்னர் அங்கங்கள் விறைத்தல் ஆகியன அதன் அறிகுறிகள். அது அரிதான நோயே. எனினும், புகைப்பதே வழக்கமாயுள்ள எமது நாட்டில் மருத்துவரும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியது. இதனைவிடப் பரவலானது ஒட்சிசன் இழப்பினால் வரும் சேதம். அளவு மீறியதால் மூச்சு மந்தமடைந்து பிழைத்தெழுந்தவரிடம், புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதி நிரந்தரமாகப் பழுதடைந்திருக்கலாம்.

முதல் பத்து நாட்கள்

நாள்தோறும் ஹெரோயின் பாவித்தவர் அதனை நிறுத்தினால், 6 முதல் 12 மணித்தியாலங்களுக்குள் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வை ஆகியன தொடங்குகின்றன. பின்னர் மயிர்க்கூச்செறிதல், எலும்பு முறிவதுபோன்ற வலி, வாந்தி, வயிற்றோட்டம், உறக்கமின்மை. இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடையும் இத்துன்பம் ஏறத்தாழப் பத்து நாட்களில் தணிகின்றது. முன்னர் கூறிய தடை விடப்பட்ட வண்டியின் பாய்ச்சல் இதுவே. இந்நாட்களில் நீரும் உப்பும் இழக்கப்படுவதை ஈடுசெய்தல் முக்கியமானது. ஆரோக்கியமான ஒருவர் இதனால் இறப்பது அரிது என்றாலும், அறையில் பூட்டி வைத்து நீராகாரமின்றி விடப்பட்டவர் இறக்கக்கூடும்.

தோட்டங்களின் பழைய எதிரியான மதுவுக்கு இவ்விதி பொருந்தாது. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிர் பிரியலாம். ஆகவே மதுவையும் ஹெரோயினையும் ஒருங்கே பாவித்தவரை வீட்டிலேயே வைத்து நிறுத்த முயல்வது ஆபத்தானது. அவரை வைத்தியசாலையில் சேர்ப்பதே தக்கது.

பத்தாம் நாளுக்குப் பின்

பத்து நாட்கள் கடந்ததும் பசி திரும்புகின்றது, முகம் தெளிகின்றது. குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றது. நேர்த்திக்கடன் செலுத்தப்படுகின்றது. பிள்ளை குணமாகிவிட்டான் எனக் கருதி, கடன் எல்லாவற்றையும் அடைக்கும் பொறுப்பும் அவன் தலையில் ஏற்றப்படுகின்றது. உண்மையில் மிகக் கடினமான பகுதி அப்போதுதான் தொடங்குகின்றது.

ஏற்பிகளும் டொபமின் தொகுதியும் பழைய நிலைக்கு வர நீண்ட காலம் எடுக்கின்றது. அதுவரை எதிலும் சுவையில்லை. உணவு, கிரிக்கெட், திரைப்படம், பிள்ளையின் சிரிப்பு எல்லாம் சாம்பல்போல் தோன்றும். உறக்கம் துண்டு துண்டாக அமையும். காரணமற்ற எரிச்சலும் துயரமும் வந்து போகும். வலிக்காக ஒரு மாதம் மட்டும் மோர்பின் வழங்கப்பட்ட பத்து நோயாளரை ஆராய்ந்து 2011 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப்பகுதியில் நேர்ந்த மாற்றம், மருந்தை நிறுத்திச் சில மாதங்களின் பின்னரும் தென்பட்டது. மருத்துவர் கண்காணிப்பில் ஒரு மாதம் பெற்றவருக்கே இந்நிலையெனில், ஆண்டுக்கணக்கில் பாவித்தவரைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

நற்செய்தி இல்லாமலில்லை. விலகியிருக்கும் மாதங்கள் கூடக்கூடக் கவனமும் நினைவும் படிப்படியாகச் சீரடைவதையே ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. முடிவெடுக்கும் ஆற்றலே மிகத் தாமதமாகத் திரும்புகின்றது. இதன் நடைமுறைப் பொருள் யாது? முதற் சில மாதங்களில் நீண்ட அறிவுரை பயன் தராது. ஒரு வேளைக்கு ஒரு சிறு பணி, எழுதி வைத்த நேர ஒழுங்கு, நாளாந்தம் கையில் கொடுக்கப்படும் சிறு பாராட்டு ஆகியனவே பயன் தரும். பெருந்தொகைப் பணத்தைக் கையாளும் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்பதைச் சிறிது காலம் தள்ளிப்போடுவது அவமதிப்பன்று, பாதுகாப்பாகும்.

ஏக்கத்தின் இயல்பையும் அறிந்திருத்தல் நன்று. அது நாள்தோறும் ஒரே அளவில் குறைந்துகொண்டு போவதன்று. பழைய நினைவைத் தூண்டும் ஓர் இடத்தையோ முகத்தையோ கண்டதும் மாதங்கள் கழித்தும் பாய்ந்தெழுவது. இடத்தின் வலிமையை வியட்நாம் யுத்தம் உலகுக்கு உணர்த்தியது. அங்கு பணியாற்றிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தனர். 1971 இல் நாடு திரும்பியோரை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். அடிமைப்பட்டிருந்தோரில் முதலாண்டில் மீண்டும் அந்நிலைக்கு வீழ்ந்தோர் 5 சதவீதம் அளவிலேயே இருந்தனர். போதை கிடைத்த நாடும் அதனைத் தூண்டிய சூழலும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் போய்விட்டன என்பதே இதற்குத் தரப்படும் முதன்மையான விளக்கம்.

எமது தோட்டப் பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. அவன் திரும்பி வருவது அதே லயன் அறைக்கு, அதே இஸ்தோப்புக்கு, பொட்டலம் கைமாறிய அதே சந்திக்கு. விற்றவன் அடுத்த வரிசையிலேயே குடியிருக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐவர் வாழும் இடத்தில், தனித்திருந்து மனதை ஆற்றிக்கொள்ள ஒரு மூலையும் இல்லை. இச்சூழலில் 'மனவுறுதி' ஒன்றை மட்டும் அவனிடம் கேட்பது நியாயமாகாது.

உயிராபத்து மிகுந்த இரு வாரங்கள்

இக்கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் வாசகர் நினைவில் நிறுத்துவராயின், அது பின்வருவதாக இருக்கட்டும். விலகியிருக்கும் காலத்தில் ஏக்கம் எஞ்சியிருக்க, தாங்குதிறன் மறைந்துவிடுகின்றது. முன்பு அன்றாடம் பாவித்த அதே அளவு, இப்போது மூளைத்தண்டிலுள்ள சுவாச மையத்தை நிறுத்திவிடப் போதுமானது. அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பற்றி 2007 இல் வெளியான ஆய்வின்படி, விடுதலைக்குப் பிந்திய முதல் இரு வாரங்களில் போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்து, பொதுமக்களுக்கு உள்ளதைவிட 129 மடங்காக இருந்தது. சிறையாயினும் புனர்வாழ்வு முகாமாயினும் நிலைமை ஒன்றே.

பழக்கமற்ற இடமும் ஆபத்தைக் கூட்டுகின்றது. 1982 இல் ஷெப்பர்ட் சீகல் வெளியிட்ட பரிசோதனையில், ஹெரோயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்கு மிகை அளவு கொடுக்கப்பட்டது. வழக்கமான இடத்தில் இறந்தவற்றைவிடப் புதிய இடத்தில் இறந்தவை இருமடங்காக இருந்தன. வழமையான சூழலைக் கண்டதும் உடல் தன்னைத் தயார்படுத்திக்கொள்கின்றது. புதிய இடத்தில் அத்தயாரிப்பு நிகழ்வதில்லை. ஹெரோயினுடன் மதுவோ தூக்க மாத்திரையோ சேருமாயின் ஆபத்து மேலும் பெருகும்.

எழுப்ப முடியாத உறக்கம், ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, நீண்ட இடைவெளிவிட்டு வரும் மூச்சு அல்லது குறட்டை, நீலம் பாய்ந்த உதடு ஆகியன அளவு மீறியமைக்கான அடையாளங்கள். அவ்வேளையில் 'தூங்கட்டும், தெளிந்துவிடும்' என்று விட்டுவிடலாகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம் அளித்து, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். நலோக்சோன் என்ற மருந்து ஏற்பிகளிலிருந்து ஹெரோயினை அகற்றிச் சில நிமிடங்களிலேயே மூச்சை மீட்கவல்லது. பொலிஸுக்கு அஞ்சி ஒளித்துவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஆயுளைக் குறைக்கின்றது.

மருந்தும் சட்டமும்

ஹெரோயின் அடிமைநிலைக்கு மருந்து உண்டு என்ற செய்தி எம்மவரிடையே போதிய அளவு பரவவில்லை. 1960களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகிய மருத்துவர்கள் மெதடோனைப் பயன்படுத்தத் தொடங்கினர். இதுவும் அபின்வகையைச் சேர்ந்ததே. ஆனால் மெதுவாகவும் நீண்ட நேரமும் தொழிற்படுவதால் மூளையை ஏற்ற இறக்கமின்றி நிலைநிறுத்துகின்றது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்ற குற்றச்சாட்டுக்கு விடையாக இறப்புக் கணக்கு நிற்கின்றது. 2017 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மெதடோன் சிகிச்சையில் இருந்தோரில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 11 பேர் இறந்தனர். சிகிச்சையை விட்டோரில் ஏறத்தாழ 36 பேர். உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் புப்ரெனோர்பினையும் 2005 இலேயே அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

எமது நாட்டில் புனர்வாழ்வு என்றதும் முதலில் எண்ணப்படுவது முகாமே. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், விரும்பி வருவோருக்கும் நீதிமன்றம் அனுப்புவோருக்கும் சிகிச்சை அளிக்க வழிசெய்தது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாடறியும். 2023 ஜனவரியில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாயினர். கட்டாயத் தடுப்பு முகாம்களை மூடி, சமூகத்திலேயே விருப்பத்தின் பேரில் சிகிச்சை அளிக்குமாறு ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012 மார்ச்சிலேயே கூட்டாகக் கோரியிருந்தன. கடத்தல்காரரைத் தண்டிப்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாவனையாளரை ஓராண்டு அடைத்துவைத்து, தாங்குதிறன் அற்ற மூளையுடன் பழைய சந்தியில் கொண்டுபோய் இறக்கிவிடுவது சிகிச்சையாகாது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நீண்டகாலச் சிகிச்சை நிலையங்களான தலங்கம, நிட்டம்புவ, காலி, கண்டி ஆகிய நான்கும் சப்ரகமுவ மாகாணத்துக்கு வெளியிலேயே அமைந்துள்ளன. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் பேர் இழக்கும் தாய்க்கு அத்தூரம் சிறிதன்று. மொழி மற்றொரு தடை. உள ஆற்றுப்படுத்தல் முற்றிலும் பேச்சால் நிகழ்வது. தன் வெட்கத்தையும் அச்சத்தையும் அறைகுறைச் சிங்களத்தில் எவரால் கூற இயலும்? செயல்நினைவு நலிந்திருக்கும் ஒருவனுக்கு, புரியாத மொழியில் தரப்படும் அறிவுறுத்தல் இருமடங்கு பாரமாகின்றது. தமிழ்மொழிச் சேவை என்பது இங்கு உரிமை பற்றிய கோரிக்கை மட்டுமன்று; மருத்துவத் தேவையுமாகும்.

செய்யக்கூடியவை

இரத்தினபுரி, கேகாலை நகரங்களின் பெரிய அரச வைத்தியசாலைகளில் உளநல மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும், உளநலத்துக்கான 1926 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். இவற்றுக்கும் லயன் அறைக்கும் இடையில் பாலமாக அமையத்தக்கவர்கள் தோட்ட மருத்துவ உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தருமே. முகாமிலிருந்தோ சிறையிலிருந்தோ ஒருவர் திரும்பும் நாளை அவர்கள் முன்கூட்டியே அறிந்து, முதல் இரு வாரங்களில் அவரை அடிக்கடி சந்திக்க ஏற்பாடு வேண்டும். மாவட்டத்துக்கு ஓரிரு தமிழ்பேசும் ஆற்றுப்படுத்துநரை நியமிப்பது மாகாண நிர்வாகத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. மெதடோன், புப்ரெனோர்பின் சிகிச்சையை மாவட்ட வைத்தியசாலைகளில் வழங்குவது குறித்துச் சுகாதார அமைச்சு தெளிவான தீர்மானத்துக்கு வர வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும், சிகிச்சைக்குச் செல்லும் தொழிலாளியின் வேலை பறிபோகாது என்ற உறுதியை அளித்தல் வேண்டும். திரும்பி வந்தவருக்கு முதலில் எளிய, ஒழுங்கான பணியைக் கொடுத்துப் பின்னர் பழைய தொழிலுக்கு மாற்றலாம். கோயில் நிர்வாகத்தினரும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் ஆற்றக்கூடிய பணி பெரிது. போதை பாவம் என்பதை எமது சமயங்கள் ஐயத்துக்கிடமின்றி உரைத்துள்ளன; அதனை மீண்டும் நினைவூட்டுவதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. மீண்டவனைத் திருவிழாப் பணியிலும் பள்ளிவாசல் பணியிலும் சேர்த்துக்கொள்வது அவனுக்குப் பழைய சந்திக்குப் பதிலாகப் புதிய இடத்தையும் புதிய முகங்களையும் தருகின்றது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு ஒரு கடலைக் கடந்தமையால் கிடைத்த மாற்றத்தை, எமது பிள்ளைக்கு ஊர் மக்களே ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியுள்ளது.

மீண்டும் ஒருமுறை வழுக்கியவனைக் கண்டு 'இவன் திருந்தான்' எனக் கைகழுவிவிடுவது எளிது. நீரிழிவு நோயாளி ஒருநாள் இனிப்பு உண்டதற்காக எவரும் அவருக்கு மருந்தை நிறுத்துவதில்லை. மூளை சீரடையும் உறுப்பு. ஆனால் அது தனக்கே உரிய வேகத்தில் சீரடைவது. அந்த வேகத்துக்கேற்பப் பொறுமை காக்கக் குடும்பமும் தோட்டமும் அரசும் கற்றுக்கொள்ளுமாயின், சப்ரகமுவத்தின் மலைச்சரிவுகளில் தடுக்கக்கூடிய மரணங்கள் பலவற்றைத் தடுக்க முடியும்.